எழுபது சதவீதம் – கடிதம்

அன்புள்ள சார்,

இரு தரப்பும் மாறி மாறி ஆடும் டர்ன் முறைப் போர் கணினி விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ‘பேட்டில் பிரதர்ஸ்’ என்ற பெயர் ஒரே ஒரு வரியில் வந்துபோனது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் தள்ளுபடி வந்தபோது வாங்கிவிட்டேன். மூன்று வாரமாக இரவு பத்து மணிக்கு மேல் அதுதான் வேலை. வீட்டில் திட்டு விழுகிறது.

இப்போது அந்த கேமின் மேல் எனக்குக் கோபம். வெட்டரன் (ஆட்டத்தின் கடின அளவுகளில் ஒன்று) நிலையில், ஏழு பேரை வைத்துக்கொண்டு ஒரு கொள்ளைக்கூட்டத்தை அடிக்கப் போனேன். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு மண்டையோடுதான் போட்டிருந்தது, அதாவது லேசான வேலை. என் ஈட்டிக்காரன் மீனவனாக இருந்து வந்தவன். அவனுக்கு என் மாமா பெயரை வைத்திருந்தேன். விழ எழுபது சதவீத வாய்ப்பு என்று காட்டிய குத்து தொடர்ந்து மூன்று முறை தவறியது. பதிலுக்கு எதிரி அடித்த ஒரே அடி, சண்டையின் பதிவான லாகில் பார்த்தால் வெறும் முப்பது சதவீதம், நேராகத் தலையில் விழுந்து மாமா காலி. அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த இருவர் ஓட ஆரம்பித்தார்கள். ஐந்து நிமிடத்தில் என் கூலிப்படைக் கம்பெனியே இல்லை.

இதை ஆடும் நண்பர்களிடம் புலம்பினால் “கஷ்டமான கேம்தான், கற்றுக்கொள்” என்கிறார்கள். எதைக் கற்பது? பகடை உருட்டுவதையா? இதைச் சவால் என்பதா, சூதாட்டம் என்பதா? இன்னொன்று: தோற்றதும் பழைய சேவிலிருந்து மறுபடி தொடங்கினால் அது ஏமாற்றா?

கே. (பெயரைப் போட வேண்டாம்)

*

அன்புள்ள கே.,

மாமாவுக்கு என் அஞ்சலி. என் முதல் கம்பெனி ஆட்டக் கணக்கில் பதினொரு நாள் தாங்கியது, இரண்டாவது ஆறே நாள். மூன்றாவது முதல் சண்டையிலேயே முடிந்ததால் அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் ஹாம்பர்கில் உள்ள ஓவர்ஹைப் ஸ்டுடியோஸ் என்ற சிறிய குழு செய்த விளையாட்டு இது. 2015இல் அரைகுறையாக வெளிவந்து, 2017 மார்ச்சில் முழுமையானது. இடைக்கால ஐரோப்பா போன்ற ஒரு நிலத்தில் நாம் கூலிப்படைத் தலைவர். பிச்சைக்காரன், உழவன், எலி பிடிப்பவன் என்று கிடைத்தவனை வேலைக்கு எடுக்க வேண்டும். தினக்கூலியும் சோறும் கொடுத்து, ஊர் ஊராய்ப் போய் ஒப்பந்தம் பிடித்து, அறுகோணக் கட்டங்களில் சண்டை போட வேண்டும். களத்தில் அதிகபட்சம் பன்னிரண்டு பேர். செத்தவன் செத்தவன்தான். யாருக்கும் கால் கிடையாது, எல்லோரும் மார்பளவுச் சிலைகளாக நகர்கிறார்கள். கால் எங்கே என்று கேட்காத புது ஆட்டக்காரர் இல்லை. பத்து மணி நேரம் ஆடிய பிறகு யாரும் கேட்பதில்லை.

முதலில் உங்கள் எழுபதுக்கு வருகிறேன். மற்ற விளையாட்டுகள் நம்மைக் கெடுத்து வைத்திருக்கின்றன. நிண்டெண்டோவின் ‘ஃபயர் எம்ப்ளம்’ வரிசையில் 2002இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த பாகத்திலிருந்து தொடர்ந்து பல பாகங்களில் ஒரு தந்திரம் உண்டு. ஒரு எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை உருட்டி, சராசரி எடுப்பார்கள். இதனால் திரையில் 90 என்று காட்டும் அடி உண்மையில் நூற்றுக்குச் சுமார் 98 முறை விழும். 30 என்று காட்டும் அடியோ 18 முறைதான் விழும். பெரிய எண்கள் பெரும்பாலும் நம்முடையவை, சின்ன எண்கள் எதிரியுடையவை. ஆக இந்தப் பொய் பெரும்பாலும் நமக்கே சாதகம். 2016இல் வந்த ‘எக்ஸ்காம் 2’இலும் எளிய நிலைகளில், நாம் தொடர்ந்து குறி தவறினால் அடுத்த குறிக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள். திரையில் அது தெரியாது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? 90 என்று போட்டால் நாம் அதை நூறு என்று படிக்கிறோம். 70 என்று போட்டால் ‘அநேகமாக நிச்சயம்’ என்று படிக்கிறோம். பத்தில் மூன்று முறை தவறினால் ஏமாற்றிவிட்டான் என்கிறோம். அதனால் வியாபாரம் தெரிந்தவர்கள் எண்ணை நம் மனசுக்கு ஏற்ப வளைத்துவிட்டார்கள். பேட்டில் பிரதர்ஸில் நீங்கள் ஆடிய வெட்டரன் நிலையில் அந்தத் தாட்சண்யம் இல்லை. 70 என்றால் 70தான். எத்தனை பெரிய வீரனானாலும் 95க்கு மேல் போகாது, எத்தனை சொத்தையான எதிரியானாலும் 5க்குக் கீழே இறங்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு பேர் கொண்ட ஒரு சண்டையில் உங்கள் தரப்பு சாதாரணமாக அறுபது முறையாவது ஆயுதத்தை வீசும். ஒவ்வொன்றும் எழுபது சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எங்காவது ஒரு இடத்தில் மூன்று அடி தொடர்ந்து தவற மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அப்படித் தவறாமல் முடிகிற சண்டை மூன்றில் ஒன்றுதான். நம் வீட்டுத் தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டையை உருட்டித் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. பத்து உருட்டலுக்கும் தாயம் விழாமல், காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது சராசரியாக நாலு ஆட்டத்துக்கு ஒரு தரம் ஒரு ஆளுக்கு நடக்கும். என் பெரியம்மா அப்படி உட்கார்ந்திருப்பார். கட்டையைத்தான் திட்டுவார், ஆட்டத்தைத் திட்டியதில்லை. (கட்டையை மாற்றச் சொல்லி அடம் பிடிப்பார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இவ்வளவு சொன்னதால் உங்கள் நண்பர்கள் பக்கம் நிற்கிறேன் என்று நினைக்காதீர்கள். “கற்றுக்கொள்” என்பவர்கள் எதைக் கற்றார்கள் என்று அவர்களுக்கே சொல்லத் தெரிவதில்லை. ஐந்நூறு மணி நேரம் ஆடியவனின் எழுபதும் உங்கள் எழுபதும் ஒன்றேதான். அவனுக்கும் மூன்று தவறும். மூன்று தவறினால் செத்துப்போகிற இடத்தில் அவன் ஆளை நிறுத்துவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. மாமா தலையில் என்ன இருந்தது? இந்த கேமில் உடம்புக்கு ஒரு கவசம், தலைக்கு ஒரு கவசம், இரண்டும் தனித்தனிக் கணக்கு. விழுகிற அடிகளில் நாலில் ஒன்று தலைக்குப் போகும். உடம்பைவிட அங்கே ஒன்றரை மடங்கு சேதம். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் முதல் காசில் நல்ல ஆயுதம் வாங்குகிறார்கள். நானும் வாங்கினேன். பஞ்சு வைத்துத் தைத்த ஒரு குல்லாய் அந்த விலையில் பாதிகூட இருக்காது. மாமா வெறுந்தலையோடு முன்வரிசையில் நின்றிருப்பார் என்று பந்தயம் கட்டுவேன்.

சண்டைக்கு முன் நான் இப்போது கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றே. முதல் சுற்றில் என் ஆட்கள் ஒருவர்கூட அடிக்கவில்லை என்றால், இரண்டாம் சுற்றில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள்? எல்லோரும் இருப்பார்கள் என்றால் போகலாம். மேட்டில் நின்றால் குறிக்குப் பத்து கூடும். ஒருவனைச் சுற்றி வளைத்தால் கூடுகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஐந்து கூடும். ஈட்டிக்கு இயல்பாகவே இருபது. ஆனால் இதெல்லாம் எண்ணைக் கூட்டுகிற வேலை. கேடயத்தை உயர்த்திக்கொண்டு ஒரு சுற்று சும்மா நின்று எதிரியை மேடேறி வரவிடுவது எண்ணையே நம்பாத வேலை. எனக்குப் பிந்தையதைக் கற்க நாற்பது மணி நேரம் ஆனது.

கற்ற பிறகும் புத்தி வந்துவிடாது. என் ஏழாவது கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். முப்பதாம் நாள் வாக்கில் ஒரு கொள்ளைத் தலைவன் தனியாக மாட்டினான், மற்றவர்கள் எல்லோரும் செத்தாகிவிட்டது. முழங்கால் வரை சங்கிலிக் கவசம், அந்தக் கட்டத்தில் என் மொத்தச் சொத்தைவிட விலை கூடியது. கோடாலியால் வெட்டிக் கொன்றால் கவசம் கிழிந்து வரும். குத்துவாளில் ஒரு குத்து உண்டு. கவசத்தைத் தொடாமல் இடுக்கில் நுழைந்து உடம்பில் மட்டும் இறங்கும். குறி பதினைந்து குறையும், ஆனால் சாகிறவன் உடையைப் புதுசாகவே விட்டுவிட்டுப் போவான். எல்லா ஆட்டக்காரர்களும் செய்கிற கஞ்சத்தனம்தான். நாலு பேர் கையில் கத்தியைக் கொடுத்துச் சுற்றி நிறுத்தினேன். ஒரு சுற்றுக்கு எட்டுக் குத்து. முதல் சுற்றில் இரண்டு இறங்கியது. கேடயத்தைப் போட்டுவிட்டுக் கத்தி எடுத்திருக்கிறோம் என்பது எனக்கு நினைவில்லை. அவன் கையில் இருந்தது இரண்டு கையால் பிடிக்கும் பெரிய வாள், ஒரு வீச்சில் அடுத்தடுத்த மூன்று கட்டங்களை வெட்டும். வெட்டியது. மூவரில் ஒருவன் அங்கேயே விழுந்தான். இன்னொருவன் பயந்து ஓடத் திரும்பியபோது முதுகில் வாங்கினான். மூன்றாவது ஆள் அடுத்த சுற்றில் அந்தத் தலைவனைக் குத்திக் கொன்றான். கவசம் ஒரு கீறல் இல்லாமல் கிடைத்தது. அதைப் போட்டுக்கொள்ள நான் நினைத்து வைத்திருந்த ஆள்தான் முதலில் விழுந்தவன்.

அன்று லாகைத் திறந்து எண்களைப் பார்த்தேன். எல்லாம் நியாயமான எண்கள். கோடாலியை எடுத்திருந்தால் ஒரே சுற்றில் முடிந்திருக்கும்.

சரி, உங்கள் கோபத்தில் நியாயமான பங்கும் இருக்கிறது. அந்த மண்டையோட்டுக் குறி ஒரு மோசடி. ஒன்று முதல் மூன்று வரை போடுகிறார்கள், ஆனால் ஒரே குறியின் கீழ் வருகிற இரண்டு வேலைகளுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கும். ஏழு பேரும் ஓட்டைக் கவசமும் இருக்கிற முதல் இருபது நாட்களில் அந்தத் தூரம் ஆளைக் கொன்றுவிடும். எண்பதாம் நாளில் அதே அதிர்ஷ்டக்கேடு ஒரு காயத்தோடு போகும். விளையாட்டின் மிகக் கடினமான பகுதியை வாசலிலேயே வைத்ததை நான் வடிவமைப்புக் குறை என்றே சொல்வேன். வெறியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதே போல, சில எதிரிகளை முதல் முறை சந்திக்கும்போது தோற்பதைத் தவிர வழியில்லை. 2018இல் வந்த விரிவாக்கத்தில் ஹெக்ஸே என்ற சூனியக்காரிகள் உண்டு. உங்கள் ஆளை மயக்கி உங்களுக்கு எதிராகவே திருப்பிவிடுவார்கள். கம்பெனியின் சிறந்த வாள்வீரன், நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொடுத்த வாளோடு, உங்களை வெட்ட வருவான். முன்கூட்டித் தெரிந்தால் சமாளிக்கலாம். தெரியாதவனுக்கு என்ன சவால்?

நீங்கள் சொல்லாத ஒரு புகாரை நானே சேர்க்கிறேன். நன்றாக ஆடுகிறவர்களின் பேச்சைக் கேட்டால் ஒரு கட்டத்தில் எல்லாம் மனிதவளத் துறையின் பேச்சாகிவிடுகிறது. இவனுக்குத் திறமை நட்சத்திரம் இல்லை, சம்பளம் தண்டம், அனுப்பிவிடு. முன்வரிசையில் சாகக் கொடுக்க இரண்டு பிச்சைக்காரர்களை எடு, கூலி குறைவு. அப்படி ஆடினால் ஜெயிக்கலாம் என்பது உண்மை. எனக்குப் பிடிக்கவில்லை. என் கம்பெனியில் ஒற்றைக் கண்ணோடு ஒரு முன்னாள் உழவன் கடைசி வரை கொடி பிடித்தான். எந்தக் கணக்கிலும் அவன் தேறமாட்டான்.

ரீலோட் விஷயம், அதாவது பழைய சேவிலிருந்து மறுபடி தொடங்குவது. ஏமாற்றா என்று கேட்கிறீர்கள். யாரை? சண்டைக்கு நடுவில் இந்த கேமே சேவ் செய்ய விடாது, ஆகவே மறுபடி ஆடினால் முழுச் சண்டையையும்தான் ஆட வேண்டும். அயர்ன்மேன் நிலையில் அதுவும் கிடையாது. அதில் மட்டும் ஆடுகிறேன் என்று மார்தட்டுகிறவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டரில் சேவ் ஃபைலைத் தனியாகப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். என் இப்போதைய வழக்கம் இது: ஆள் செத்தால் விட்டுவிடுவேன். தப்பான கட்டத்தில் கிளிக் ஆகி ஆள் செத்தால் ரீலோட். இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் மங்கிவிடுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னும் மூன்று வாரத்துக்கு நீங்கள் தாராளமாக ரீலோட் செய்யுங்கள். ஆனால் அதே சண்டைக்கு முன்னால் போய் நிற்காமல், ஒப்பந்தம் வாங்கிய ஊருக்கே போய்விடுங்கள். அதை ஒதுக்கிவிட்டு அடுத்த ஊருக்குச் சரக்கு வண்டிக் காவலுக்குப் போக முடியுமா என்று பாருங்கள். முன்பணம் வாங்கிய பிறகும் பாதிச் சண்டையில் களத்தின் ஓரம் வரை பின்வாங்கி ஓடிவரலாம். பெயர் கெடும், ஆள் பிழைப்பான். எத்தனை ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பின்வாங்கும் பொத்தான் இருப்பதே தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

மாமா பெயரை மறுபடி யாருக்காவது வைப்பீர்கள் என்று தெரியும். கடைக்குப் போய்க் குல்லாய் வாங்கிவிட்டு வையுங்கள்.