மாறாத நுரையீரல் புற்றுநோயில் மூச்சுக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைப்பதால் பயன் உண்டா?

உங்கள் அப்பாவின் நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது, கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கிறது, ஸ்டென்ட் (குழாயை உள்ளிருந்து திறந்து வைத்திருக்கும் சிறு குழல்) வைக்கலாம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நோய் மாறாது என்றால் அவரை ஏன் மேலும் வருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியர் அல்ல. இதே சிகிச்சை பெற்ற என் தாய்மாமாவை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அடைப்பு இருக்கும் இடம் அதற்கு ஏற்றதென்றால், தயங்காமல் சம்மதியுங்கள்.

பெரிய மூச்சுக்குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டருக்குக் கீழே குறைந்தால் நடக்கையில் இளைக்கும். 5 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டும். மாமாவால் கட்டிலில் சாய முடியவில்லை. சாப்பாட்டு மேசைமேல் தலையணையை வைத்து, அதில் நெற்றியைப் பதித்தபடிதான் உறங்கினார், அவர் மூச்சை உள்ளே இழுக்கும் ஒலி அடுத்த அறைவரை கேட்டது. இந்த ஒலியை முட்டு வருத்தம் என்று எண்ணிப் பம்ப் அடித்துக் காலம் கடத்துவோர் பலர். குழாயே நெரிபடும்போது பம்போ ஒட்சிசனோ அந்த அடைப்பைத் திறக்காது. கதிர்வீச்சு கட்டியைச் சுருக்க நாட்களோ வாரங்களோ எடுக்கும். ஸ்டென்ட் பொருந்திய உடனேயே வழி திறக்கிறது. மாமா அன்றிரவு சாய்ந்து படுத்தார்; இடையில் நிறுத்தாமல் ஒரு முழு வசனம் பேசினார். அவருடைய ஆயுளை அது எவ்வளவு நீட்டியது என்று நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்கவும் தேவையில்லை.

ஆனால் எல்லா மூச்சுத்திணறலுக்கும் இது மருந்தாகாது. அடைப்பு சிறிய கிளைக்குழாய்களில் இருந்தாலோ, அடைப்புக்கு அப்பாலுள்ள நுரையீரல் ஏற்கெனவே செயலிழந்திருந்தாலோ பயன் கிடைக்காது, சி.டி. ஸ்கேனைக் காட்டி இதைத்தான் முதலில் கேளுங்கள். கட்டி குழாய்க்குள்ளேயே வளர்ந்திருந்தால் லேசராலோ மின்சூட்டாலோ அதை அகற்றுவார்கள், அதன்பின் ஸ்டென்ட் தேவைப்படாமலும் போகலாம்; வெளியிலிருந்து நெரித்தால் ஸ்டென்ட்தான் வழி. பிரான்சின் மார்செய் நகரத்து வைத்தியர் டுமோன் 1990இல் அறிமுகப்படுத்திய சிலிகோன் வகையை வைக்க முழு மயக்கமும் வாய்வழி மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் விறைப்பான குழாய்க்கருவியும் வேண்டும். தானாக விரியும் உலோக வலையை வைப்பது எளிது. உறையில்லாத வலையின் கண்களூடாகக் கட்டி மீண்டும் வளரலாம், உறையிட்டது இடம் நகரலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களை ஸ்டென்ட் மூடிவிடுவதால், சளி அதற்குள் தடித்துத் தேங்கும். எங்களுக்குச் சொல்லப்பட்டபடி காலையும் மாலையும் நெபுலைசரில் உப்புநீர் ஆவி பிடிக்கவைத்தோம். அது முடிந்து சில நிமிடங்களில் பசைபோன்ற மஞ்சள் சளி இருமலோடு வெளிவரும், ஒரு வேளை தவறினாலும் மூச்சின் ஒலி மாறிவிடும். திடீர் மூச்சுத்திணறல், இரத்தம் கலந்த சளி, காய்ச்சல் என்றால் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காதீர்கள். ஸ்டென்டின் வகை, அளவு, வைத்த இடம் ஆகியவற்றை எழுதி வாங்கி எப்போதும் கையோடு வைத்திருங்கள். அவசரத்தில் தொண்டைவழி குழாய் செலுத்துபவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். கொழும்புப் பக்கத்தில் புற்றுநோய்க்கு மஹரகமவும் சுவாச நோய்க்கு வெலிசறையும் என்று வைத்தியசாலைகள் வெவ்வேறாக இருப்பதால், எங்கே போனாலும் எல்லா அறிக்கைகளையும் ஒரே கோப்பில் கொண்டு செல்லுங்கள்.

குழாய் திறந்த பின்னும் நோயினால் ஓரளவு இளைப்பு மிஞ்சலாம். அதற்குச் சிறிய அளவு மோர்ஃபின் தரலாமா என்று வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள்; பெயரைக் கேட்டுப் பயந்து அதை மறுத்துவிடாதீர்கள்.