போக்கிரி வேற, சம்செங் வேற

கேள்வி: என் மகனுக்கு பத்து வயசு, துறுதுறுன்னு இருப்பான். பாட்டி அவன "போக்கிரிப் பயலே"ன்னு கொஞ்சுறாங்க, டியூஷன்ல டீச்சர் "சம்செங்"னு கூப்பிடுறாங்களாம். ரெண்டும் ஒண்ணுதானே, நான்தான் பெருசுபடுத்துறேனா?
- ஒரு தாய், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: இல்லம்மா, பெருசுபடுத்த வேண்டிய விஷயம்தான். போக்கிரிக்கு அகராதியில துஷ்டன்னு இருந்தாலும் வீட்டுல அது எப்பவோ செல்லப் பேரா ஆயிடுச்சு, வடைய முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிக்கிட்டு நிக்கிற பேரன் கன்னத்த கிள்ளிக்கிட்டே சொல்ற வார்த்தை அது. சம்செங் அப்படி இல்ல. சீனர்கிட்டேர்ந்து மலாய்க்கு வந்து, அங்கேர்ந்து நம்ம வாய்க்கு வந்த சொல்லு, அந்தக் காலத்துல ரகசிய சங்கத்துக்காக அடிதடிக்குப் போற ஆளுதான் சம்செங். நம்ம ஜார்ஜ்டவுன்லயே 1867 ஆகஸ்ட்ல கீ ஹின் சங்கமும் தோ பே கோங் சங்கமும் பத்து நாள் மாதிரி வெட்டிக்கிட்டாங்க, வெள்ளைக்கொடி சிவப்புக்கொடின்னு ரெண்டு சங்கமா இருந்த மலாய்க்காரங்களும் இந்திய முஸ்லிம்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தாங்க, இன்னைக்கு சைக்கிள் ஓவியத்துகிட்ட போட்டோ புடிக்க க்யூ நிக்கிற லெபோ ஆர்மேனியன் தெருதான் தோ பே கோங் ஆளுங்களோட இடம்.

இப்பவும் நடுரோட்டுல காடிய மறிச்சு கண்ணாடிய உடைக்கிறவன மலாய் பத்திரிகை "சம்செங் ஜாலானான்"னு போடுது, கும்பலா இருந்தா நம்ம பேப்பர்ல குண்டர் கும்பல். 2013ல உள்துறை அமைச்சு 49 கும்பல் பேர வெளியிட்டப்ப உறுப்பினர்ல நம்மாளுங்கதான் அதிகம்னு படிச்சு வயிறு எரிஞ்சுச்சு. அந்த சொல்ல எடுத்து பத்து வயசு பிள்ளை மேல போடலாமாங்க?

ஒரு வகுப்புல கண்ணால பார்த்தேன். பேசிக்கிட்டே இருந்த பையன "ஓய் சம்செங், பின்னால போ"ன்னாங்க, எல்லாம் சிரிச்சுச்சு, அவனுக்கு முகம் செத்துப்போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு போனா சட்டைக் கைய தோள்வரைக்கும் மடிச்சு விட்டுக்கிட்டு அதே பின் பெஞ்சுல காலை நீட்டி உட்கார்ந்திருக்கான், கூட்டாளிங்க சம்செங்னு கூப்பிட்டா திரும்பிப் பார்க்குறான், அசல் பேரச் சொன்னா திரும்பல.

கேடியும் அதே ரகம்தான், பழைய குற்றவாளிய போலீஸ் பதிவேட்டுல குறிச்ச கே, டிங்கிற ரெண்டு ஆங்கில எழுத்து அது, விளையாட்டுக்குக்கூட வேணாம்.

டீச்சர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, தனியா பார்த்து "என் மகன பேர் சொல்லி கூப்பிடுங்க டீச்சர்"னு கேளுங்க, மாத்திக்கலன்னா வேற டியூஷன் பாருங்க. பாட்டி பாட்டுக்கு கொஞ்சட்டும்.