வேலை போனால் ஆறு சுத்தமாகுமா? திருப்பூரை வைத்துச் சில கேள்விகள்

வேலையின்மை கூடினால் மாசு குறையும் என்று பாடத்தில் வருகிறது. நிஜமா சார்? (எம்.ஏ. மாணவி, கோவை)

அதைச் 'சுற்றுச்சூழல் பிலிப்ஸ் வளைவு' என்பார்கள். ஆலை நின்றால் புகையும் நிற்கும் என்ற கணக்கு. 2020 ஊரடங்கில் ஜலந்தரிலிருந்து இமயமலை தெரிந்ததே, அதுபோல. ஆனால் அந்த வளைவுக்குள் திருப்பூர் அடங்காதும்மா. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவுநீர் கலந்ததால், 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயத் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். பனியன் ஆர்டர் மட்டும் நிற்கவில்லை. துணி லாரி ஏறி வெளியூர் போய்ச் சாயமேறி வந்தது. பக்கத்து மாவட்டங்களில் அனுமதியில்லாத பட்டறைகள் முளைத்தன. வேலையும் போனது, அழுக்கு இடம் மாறியது, டீசல் செலவு வேறு.

பட்டறைக்காரங்க வேலை போனதை எல்லாரும் பேசறீங்க. எங்க பொழப்பு போனதை யாருங்க கணக்கெடுத்தா? (விவசாயி, காங்கேயம்)

வேலை போனவங்க கணக்கில் உங்களைச் சேர்க்கலைங்க. அதே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் பாசனத்துக்கென்று கட்டினார்கள். சில வருஷத்திலேயே அது சாயத் தண்ணீர்த் தொட்டியாகி, 'திறந்து விடாதீங்க' என்று ஆயக்கட்டுக்காரர்களே சொல்லும் நிலைமை. கிணறு உப்பானது, வயக்காட்டு வேலை போனது. எனக்குத் தெரிந்தே பல பேர் அதே பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தார்கள். அரசுக் கணக்கில் அவர்கள் 'வேலையில் இருப்பவர்கள்'. இந்த இழப்பு வேலையின்மை விகிதத்தில் எந்தக் காலத்திலும் தெரியாது.

பட்டறைகள் திரும்பத் திறந்தாச்சு, இப்போதான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடுவதில்லையே, பிறகென்ன?

விடக் கூடாது என்பது விதி. அந்த விதிக்குள்தான் கரண்ட் பில் ஒளிந்திருக்கிறது. சாயத் தண்ணீரை, உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வு வழியே தள்ளப் பெரிய பம்புகள் ஓட வேண்டும். மிஞ்சும் உப்புக் கரைசலை நீராவியில் சுண்டக் காய்ச்ச வேண்டும். நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகோ நிலக்கரியோ. ஆற்றில் போன அழுக்கில் ஒரு பங்கு இப்போது புகைக்கூண்டு வழியே போகிறது. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை. கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும்.

காற்றாலை இருக்கிறதே?

இருக்கிறது, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலர் சொந்தமாகவே வைத்திருக்கிறார்கள். அது பம்பை ஓட்டும். பாய்லருக்கு இன்னமும் நெருப்புதான்.

அப்படியென்றால் பட்டறைகளை மூடியது தப்பா?

இல்லை. மூடியிராவிட்டால் எவரும் இவ்வளவு செலவு செய்திருக்க மாட்டார்கள். என் ஆதங்கம் வேறு: அந்தச் செலவு கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று சாயக் கூலியில் ஏறுகிறது, டி-ஷர்ட் வாங்கும் வெளிநாட்டுக் கடைக்காரரோ பழைய விலையையே கேட்கிறார். கட்டுப்படியாகவில்லை என்றால் ஆர்டர் டாக்கா பக்கம் போகும். அங்கே துராக் ஆறு ஏற்கெனவே சாயத்தில்தான் ஓடுகிறது.