வெளிநாட்டில் போர் மூண்டால் நம் அரசு உண்மையிலேயே காப்பாற்றுமா?

தங்கை வளைகுடாவுக்கு நர்ஸாகப் போகிறாள், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காப்பாற்றும். எங்கள் அக்காவைக் காப்பாற்றியது. ஆனால் விமானம் வருமா என்று யோசிக்கும் முன்னால், அவள் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்று விசாரியுங்கள்.

எங்களுக்குக் களியக்காவிளை. 2015 மார்ச் கடைசியில் ஏமனில் சவூதி குண்டு வீசத் தொடங்கியபோது அக்கா அதன் தலைநகர் சனாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். ஏர் இந்தியா விமானம் அங்கே இறங்க ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் அனுமதி. ஏறிவிட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஜிபூட்டி, அங்கிருந்து விமானப்படை விமானத்தில் கொச்சி. தூதரகத்தில் பெயர் கொடுத்தாயிற்று. ஆஸ்பத்திரியிலோ ஒப்பந்தம் முடியவில்லை என்று பாஸ்போர்ட்டைத் தரவில்லை. அன்று இரவு போனில் அக்கா அழவில்லை. "அம்மையிட்ட சொல்லாத மக்கா" என்றாள். ஜன்னல் கண்ணாடி அதிருவது எனக்கே கேட்டது.

தூதரகத்திலிருந்து பேசிய பிறகு, மூன்றாம் நாள் பாஸ்போர்ட் வந்தது. இரண்டு மாதச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் வரவே இல்லை.

அரசைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1990-இல் ஈராக் படை புகுந்த குவைத்திலிருந்து ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக ஏறத்தாழ 1,70,000 பேரை அழைத்து வந்த நாடு இது. ஏமனிலிருந்து 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களோடு வேறு நாட்டுக்காரர்களையும் சேர்த்தே மீட்டார்கள். அந்த நன்றி சாகும்வரை இருக்கும். ஆனால் சான்றிதழ் இல்லாததால், ஐந்து வருடம் ஐசியூவில் நின்ற அக்கா, மார்த்தாண்டத்தில் இப்போதுதான் படித்து வந்த பிள்ளைகளின் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். ஏஜெண்டுக்காக அடகு வைத்த நகையை மீட்க நான்கு வருடம் ஆனது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அவள் வந்த மறுநாளே சொந்தக்காரர் ஒருவர் வந்து, "எவ்வளவு கொண்டு வந்தா?" என்று கேட்டார். கொண்டு வந்தது ஒரு தோள்பை. உள்ளே இரண்டு சுடிதார், டூட்டி செருப்பு, ஸ்டெதாஸ்கோப். இப்படி நர்ஸாகப் போன பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் ஓடு மாற்றிய வீடுகள் எங்கள் ஊரில் எத்தனை! அதை மறந்துவிட்டு இப்படிக் கேட்க எப்படி மனம் வருகிறது?

சரி, உங்கள் தங்கைக்கு வருகிறேன். போய் இறங்கியதும் தூதரகத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் இல்லாமல் மாட்டிக்கொண்டால், ஊர் திரும்புவதற்கு மட்டும் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். அக்காவுக்கு அன்று அது தெரியாது. அப்புறம், வருடா வருடம் அனுபவச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, படம் எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கட்டும்.