சின்னப் போர்க்கப்பலில் எதை ஏற்றலாம்? கேள்வி பதில்

கடற்படையில் எஞ்சின் அறையில் காலம் தள்ளிவிட்டு இப்போது கடலூரில் இருக்கிறேன். சிறிய போர்க்கப்பல்கள் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்குப் பதில் இதோ.

தேவனாம்பட்டினம் தம்பி: சின்னக் கப்பலிலும் நிறைய ஏவுகணை ஏற்றினால் பெரிய கப்பலுக்குச் சமம்தானே அண்ணே?

ஏற்றலாம் தம்பி. நம் கோரா வகை கார்வெட் (சிறிய போர்க்கப்பல்) ஏறக்குறைய 1,400 டன்தான், அதிலேயே கப்பலை அடிக்கும் 16 யூரான் ஏவுகணை வைத்தார்கள். சிக்கல் வேறு இடத்தில். யூரான் சுமார் 130 கி.மீ. போகும். 20 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரேடாருக்குக் கடல்மட்டம் 18 கி.மீ. வரைதான் தெரியும். எதிரிக் கப்பல் உயரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம். அதற்கு அப்பால் இருப்பதை ஹெலிகாப்டரோ விமானமோ பார்த்துச் சொல்ல வேண்டும். சரி, ரேடாரை இன்னும் மேலே ஏற்றலாமே என்றால், உச்சியில் கூடும் பாரம் கப்பலைச் சாய்க்கப் பார்க்கும். விசைப்படகில் வீல்ஹவுஸ் கூரைமேல் நனைந்த வலையைக் குவித்துப் பார், புரியும். ஐ.என்.எஸ். கில்டனின் மேல்கட்டுமானத்தைக் கார்பன் இழையில் செய்ததற்கு இந்த மேல்பாரமும் ஒரு காரணம்.

முதலியார்பேட்டை வாசகி: ஏவுகணை இருக்கும்போது பீரங்கி எதற்கு சார்?

கடத்தல் படகை நிறுத்தச் சொல்லி ஏவுகணை விட முடியுமா அம்மா? 76 மி.மீ. பீரங்கி நிமிடத்துக்கு 120 குண்டு சுடும். என்னைக் கேட்டால் கப்பலிலிருந்து கடைசியாக இறக்க வேண்டியது அதைத்தான்.

சிங்காரத்தோப்பு நண்பர்: 1971-ல் 200 டன் படகுகளே கராச்சியை அடித்தன. நம் கமோர்ட்டா கார்வெட் ஏன் 3,000 டன்னைத் தாண்டுகிறது?

டிசம்பர் 4 இரவு நிபாட், நிர்காட், வீர் மூன்றும் தனியாகப் போகவில்லை, துணைக்கு அதே பெயர்கொண்ட பழைய கில்டன் கப்பலும் கச்சால் கப்பலும் போயின. வானத்திலிருந்து அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதை 1991-ல் இராக்கின் ஏவுகணைப் படகுகளில் பார்த்தோம். பிரிட்டனின் லிங்க்ஸ் ஹெலிகாப்டர்கள் சீ ஸ்குவா ஏவுகணையால் ஒவ்வொன்றாக முடித்தன. வான் பாதுகாப்பு வேண்டுமென்றால் ரேடார், மின்சாரம், ஆள், அவர்களுக்குப் படுக்கை, சமையல் என்று டன் தானாக ஏறும். ஆனால் 2014-ல் கமோர்ட்டா சேர்ந்தபோது விமானத்தை அடிக்கும் ஏவுகணையே இல்லை. அவ்வளவு உடம்பைக் கொடுத்துவிட்டு அதை விட்டது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. அப்படி ஏவுகணை இருந்தாலும் விழிப்பு வேண்டும், அது வேறு கதை. 2006-ல் இஸ்ரேலின் ஹனித் போர்க்கப்பல் அடிவாங்கியபோது ஏவுகணைத் தடுப்பு இருந்தது, இயக்கத்தில் இல்லை.

மஞ்சக்குப்பம் மாணவர்: நம்ம ஊர்ப் பெயரில் போர்க்கப்பல் இருந்ததா?

இருந்தது. ஐ.என்.எஸ். கடலூர், கண்ணிவெடி வாரும் கப்பல், 2018-ல் ஓய்வு பெற்றது. காந்தக் கண்ணிவெடியைத் தூண்டாமலிருக்க அந்த வகைக்குக் காந்தம் குறைந்த எஃகில் உடல்.

லாஸ்பேட்டை வாசகர்: 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கி.மீ.) வேகம் கொடுத்தால் தப்பிக்கலாமே?

ஏவுகணையிடமிருந்தா? வேகத்தை இரட்டிப்பாக்க ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். அமெரிக்காவின் ஃப்ரீடம் வகைக் கப்பல்கள் அந்த ஆசையில் கியர் தொல்லையை வாங்கிக் கட்டிக்கொண்டன. அவற்றில் சில, ஆயுள் முடியும் முன்பே ஓய்வும் பெற்றுவிட்டன.

தேங்காய்த்திட்டு படகுக்காரர்: நம் கடற்படையின் அர்னாலாவில் வாட்டர்ஜெட்டாமே (தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடுவது), வலை சிக்காதா?

காட்டுப்பள்ளியில் கட்டி 2025 ஜூனில் சேர்ந்த 77 மீட்டர் கப்பல் அது. ஆழமில்லாத கடலில் நீர்மூழ்கியைத் தேடும் வேலை. அடியில் விசிறி தொங்காததால் குறைந்த தண்ணீரிலும் போகலாம். வலை விஷயத்தில் மட்டும் நிம்மதி கிடையாது. தண்ணீரை உறிஞ்சும் வாயில் வலை போனால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.