டையர் ஸ்ட்ரெய்ட்ஸ்: பாட்டுக்குப் பதில் சொல்லும் கிதார்

கேள்வி: பழைய ராக் இசைக்குழுக்களில் உங்கள் மனதுக்கு மிக நெருக்கமானது எது? ஏன்?

டையர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு. இதற்கு எனக்கு யோசிக்கவே வேண்டாம்.

லெட் செப்பெலின், பிங்க் ஃப்ளாய்ட், குயீன் எல்லாமே பிடிக்கும். அந்தந்த மனநிலைக்கு அதை அதைப் போட்டுக் கேட்பேன். ஆனால் பள்ளிக்கூட நாட்களில் அண்ணன் வாங்கி வந்த கேசட்டில் தொடங்கி இன்றுவரை எந்த மனநிலையிலும் சலிக்காமல் கேட்பது இந்தக் குழுவை மட்டும்தான். கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதி போட்டு நிறுத்தியதும் வயலின் அதை வாங்கி வாசித்துவிட்டு அடுத்த வரிக்கு வழிவிடும் அல்லவா? டையர் ஸ்ட்ரெய்ட்ஸில் கிதார் செய்வது அந்த வேலையைத்தான். இங்கே பாடுகிறவரும் வாங்கி வாசிக்கிறவரும் ஒரே ஆள், மார்க் நாஃப்ளர். பாட்டை அமுக்கிவிட்டு கிதார் முன்னால் வந்து நிற்காது. என்னை இத்தனை காலம் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்காத ராக் ரசிகர் அனேகமாக இருக்க மாட்டார். லண்டனில் கூட்டமே இல்லாத ஒரு பப்பில் யாரோ ஒரு சின்ன ஜாஸ் குழு வாசித்துக்கொண்டிருந்ததை நாஃப்ளர் பார்த்திருக்கிறார். வாசித்து முடித்ததும் அந்தக் குழுவின் தலைவர் தாங்கள்தான் 'சுல்தான்கள்' என்று அறிவிக்கிறார். பேருக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் இதை வேடிக்கையாக்கி முடித்திருப்பார்கள். இவர் அந்தக் குழுவை ஒரு இடத்தில்கூடக் கேலி செய்யவில்லை. எல்லா கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) தெரிந்தும் தாளத்துக்கு மட்டும் வாசித்து ஒதுங்கி நிற்கும் கிதார்காரர் ஒருவர் வருகிறார். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை இரவுக்காகக் காத்திருக்கும் இன்னொருவர் வருகிறார். மூலையில் குடித்துவிட்டு நிற்கும் பையன்களுக்கு இந்த இசை ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் அவர்கள் வாசிக்கிறார்கள். பிழைப்புக்காக இல்லாமல், வாசிப்பது பிடித்துப்போய் வாசிக்கிற மனிதர்களுக்கு இவ்வளவு மரியாதையோடு எழுதப்பட்ட இன்னொரு ராக் பாட்டு எனக்குத் தெரியாது.

அந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்பது அவர் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும். கிளாஸ்கோவில் 1949ல் பிறந்து, வடகிழக்கு இங்கிலாந்தில் நியூகாசில் பக்கம் வளர்ந்தவர். லீட்ஸில் யார்க்‌ஷயர் ஈவினிங் போஸ்ட் பத்திரிகையில் நிருபராக இருந்திருக்கிறார். பிறகு ஆங்கிலம் படித்துவிட்டு ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியிருக்கிறார். குழு உருவானபோது அவருக்கு வயது 28ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ராக் உலகக் கணக்கில் அது தாமதம்தான், ஆனால் அந்தத் தாமதம் பாட்டுகளுக்கு நல்லதாகப் போய்விட்டது. ஊரைப் பார்த்து, கேட்டு, குறித்துக்கொண்ட நிருபரின் கண் ஒவ்வொரு பாட்டிலும் இருக்கிறது.

தெற்கு லண்டன் டெட்ஃபோர்டில் ஃபேரர் ஹவுஸ் என்ற அரசுக் குடியிருப்பில்தான் எல்லாம் ஆரம்பம். மார்க்கின் தம்பி டேவிட் அப்போது சமூகப் பணியாளர். அவரோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டவர் ஜான் இல்ஸ்லி, பேஸ் கிதார் வாசிப்பவர். ஒருநாள் இல்ஸ்லி வீடு திரும்பினால், தரையில் ஒரு ஆள் கிதாரை மேலே போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாராம். அதுதான் மார்க்கை அவர் முதன்முதலில் பார்த்தது. டிரம்ஸுக்கு பிக் விதர்ஸ் சேர்ந்தார். 1977ல் அந்தக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த புல்வெளியிலேயே முதல் நிகழ்ச்சி. 2009ல் அங்கே நினைவுப் பலகை வைத்தார்கள்.

1977லேயே ஐந்து பாட்டுகளைப் பதிவு செய்து, பிபிசி ரேடியோ லண்டனில் நிகழ்ச்சி நடத்திய சார்லி கில்லெட்டிடம் கொடுத்தார்கள். யோசனை கேட்கத்தான் போனார்கள். அவர் 'சுல்தான்ஸ்' பாட்டை ஒலிபரப்பியே விட்டார். அதற்குப் பிறகு இசைத்தட்டு நிறுவனங்கள் தேடி வந்தன. அது எந்தக் காலம் என்பதை மறந்துவிடக் கூடாது. லண்டன் முழுக்க பங்க் என்ற முரட்டு ராக் இசையின் இரைச்சல். கத்துவதுதான் புதுமை என்று இருந்த நேரத்தில் நான்கு பேர் அமைதியாக, ஒருவரை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு வாசித்தார்கள். அந்தப் பாட்டு 1979ல் அமெரிக்காவில் 4ஆம் இடம், பிரிட்டனில் 8ஆம் இடம் வரை போனது.

இப்போது அந்த விரல்களுக்கு வருகிறேன். நாஃப்ளர் இடதுகைக்காரர், ஆனால் வலதுகைக்காரர்போல கிதார் பிடிப்பார். மின்கிதார் வாசிக்கும் பெரும்பாலானவர்கள் தந்தியை மீட்டப் பயன்படுத்தும் 'பிக்' என்ற சின்னத் தகடு இல்லாமல் கட்டைவிரலும் இரண்டு விரல்களுமாகத்தான் வாசிப்பார். இது வெறும் பழக்க வித்தியாசம் இல்லை. பிக்கில் அடித்தால் சுரங்கள் எல்லாம் ஒரே கனத்தில் விழும். வெறும் விரலில் ஒரு சுரத்தைத் தடவலாம், அடுத்ததைச் சுண்டலாம், இன்னொன்றைத் தொட்டதும் அமுக்கிவிடலாம். பேசும்போது ஒரு சொல்லை அழுத்தி அடுத்ததை விழுங்குவோம், அந்த ஏற்ற இறக்கம் கிதாரில் அப்படியே கேட்கும். 'சுல்தான்ஸ்' முதலில் உலோகக் கிதாரில் எழுதப்பட்டபோது சப்பென்று இருந்ததாகவும், ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) என்ற மின்கிதார் வாங்கிய பிறகுதான் அதற்கு உயிர் வந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். பாட்டின் கடைசி சோலோவில் கார்டின் சுரங்களைப் பிரித்துப் பிரித்து வேகமாக இறைக்கும் இடம் ஒன்று உண்டு. கிதார் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் அதில்தான் விழுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரியது முதல் சரணத்தில் ஒவ்வொரு வரி முடிவிலும் வரும் குட்டிக் குட்டிப் பதில்கள். சிலது இரண்டு மூன்று சுரம்தான், ஆனால் ஒரு பதில்போல இன்னொன்று இருக்காது. ஹெட்ஃபோன் போட்டு அதை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனும் இதைக் கவனித்திருக்கிறார். தன் 1979 ஆல்பத்துக்கு நாஃப்ளரையும் விதர்ஸையும் அழைத்துக்கொண்டார்.

இரண்டாவது ஆல்பம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. முதலாவதின் நிழல் அது. மூன்றாவதான 'மேக்கிங் மூவீஸ்' (1980) வேறு உயரம். பதிவு நடக்கும்போதே தம்பி டேவிட் குழுவை விட்டுப் போனார். அண்ணன் தம்பிக்குள் நடந்ததைப் பற்றி நாம் பேச வேண்டாம். ஆனால் ஆல்பத்தில் அந்தக் கனம் இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும். 'ரோமியோ அண்ட் ஜூலியட்' தொடக்கத்தில் வரும் மணி மணியான ஒலி, 1937ல் செய்த நேஷனல் உலோகக் கிதாருடையது. 'ப்ரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆல்பத்தின் அட்டையில் வானத்தில் மிதக்குமே, அதே கிதார். 'டனல் ஆஃப் லவ்' பாட்டில் வரும் ஸ்பானிஷ் சிட்டி, விட்லி பே கடற்கரையில் நிஜமாகவே இருந்த கேளிக்கைப் பூங்கா. அவர் சிறுவயதில் சுற்றிய இடம். ராட்டினத்தில் கிடைத்த ஒரு பெண்ணின் நட்பு, ராட்டினம் நின்றதும் முடிந்துவிடுகிறது. கதை அவ்வளவுதான். ஆனால் பாட்டு முடியும் தறுவாயில் குரல் ஓய்ந்து கிதார் மட்டும் மெல்லத் தொடங்கி ஏறும் நிமிடங்களில் அந்தப் பெண் ஒருபோதும் திரும்பி வர மாட்டாள் என்பது வார்த்தை இல்லாமலே தெரிந்துவிடும்.

சரி, எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது 'டெலிகிராஃப் ரோடு'. 1982ல் வந்த 'லவ் ஓவர் கோல்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு, 14 நிமிடத்துக்கு மேல் ஓடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் பக்கம் அந்தப் பேரில் ஒரு சாலை உண்மையாகவே இருக்கிறது. சுற்றுப்பயணத்தின்போது பேருந்தில் அந்த வழியாகப் போய்க்கொண்டே, காட்டைத் திருத்திக் குடியேறும் ஒரு மனிதனைப் பற்றி நார்வே எழுத்தாளர் க்னூட் ஹாம்சன் எழுதிய நாவலைப் படித்துக்கொண்டிருந்தாராம் நாஃப்ளர். இரண்டும் கலந்து பிறந்த பாட்டு.

தோளில் மூட்டையோடு ஒருவன் நடந்து வந்து ஒரு இடத்தில் நிற்கிறான், குடிசை போடுகிறான். பின்னாலேயே ஆட்கள் வருகிறார்கள். கோயில் வருகிறது, பள்ளி வருகிறது, வக்கீல்கள் வருகிறார்கள், சட்டம் வருகிறது, ரயில் வருகிறது. ஒரு தலைமுறைக்கு ஒரு வரி. அவன் நடந்த பாதை ஆறு தட நெடுஞ்சாலையாகிவிடுகிறது. பிறகு ஆலைகள் மூடுகின்றன. பாட்டின் நடுவில் சட்டென்று 'அவன்' போய் 'நான்' வருகிறது. வேலையில்லாத ஒருத்தன் காருக்குள் தன் காதலியிடம் பேசுகிறான். 1982ல் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள், டெட்ராய்டின் கார் ஆலைகளும் தள்ளாடிக்கொண்டிருந்தன. அந்த வருடம் இதைக் கேட்டவர்களுக்கு அது பழங்கதையாக இருந்திருக்க முடியாது.

கடைசி நிமிடங்கள் முழுக்க கிதாரும் ஆலன் கிளார்க்கின் பியானோவும்தான். பியானோ கீழே அடித்துத் தள்ளிக்கொண்டே போக, கிதார் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் கோபத்தோடு வரும். அவன் காதலியிடம் சொல்லி முடித்த பிறகும் மிச்சமிருந்த ஆத்திரம் அது. வேகத்தைக் காட்ட வாசித்தது ஒரு நொடிகூட அதில் இல்லை. வேலை போன வருடம் ஒன்று என் வாழ்க்கையிலும் உண்டு. அப்போது இந்தப் பாட்டுதான் என்னோடு இருந்தது, யாருடைய ஆறுதலையும்விட அது போதுமானதாக இருந்தது.

'ப்ரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' (1985) பற்றி நான் சொல்ல அதிகம் தேவையில்லை, உலகமே வாங்கிய ஆல்பம் அது. கரீபியனில் மாண்ட்செராட் தீவில், பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நடத்திய ஸ்டூடியோவில் பதிவானது. டிஜிட்டல் முறையில் பதிவு செய்ததால் அப்போதுதான் புதிதாக வந்திருந்த சிடிக்குப் பொருத்தமாக அமைந்தது. சிடியாக மட்டுமே 10 லட்சம் விற்ற முதல் ஆல்பம் இது. 'மணி ஃபார் நத்திங்' பாட்டின் வரிகள், நியூயார்க்கில் வீட்டுச் சாமான் கடை ஒன்றில் வேலை பார்த்த ஒருவர் டிவியில் வரும் இசைக்கலைஞர்களைப் பார்த்துப் பொரிந்து தள்ளியதைக் கேட்டு, அங்கேயே காகிதம் வாங்கி எழுதியவை. அதில் ஓரினச் சேர்க்கையாளர்களைக் குறித்த ஒரு வசைச்சொல் வருகிறது. அது பாத்திரத்தின் வாய், பாடகரின் கருத்து இல்லை என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்தச் சொல்லால் வாழ்நாளெல்லாம் அடிபட்டவர்களுக்கு வலிக்கும் என்பதும் நியாயம்தான். அதனால் நான் அந்தச் சரணம் இல்லாத சுருக்கமான வடிவத்தையே பிறர் முன்னிலையில் போடுவேன்.

ஆல்பத்தின் பெயர் கொண்ட பாட்டு பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரின் காலத்தில் எழுதப்பட்டது. ஒரு சிப்பாய் போர்க்களத்தில் உயிர் விடும் நேரத்தில் தோழர்களிடம் பேசுகிறான். இதற்கு ஸ்ட்ராட்டை வைத்துவிட்டு கிப்ஸன் லெஸ் பால் என்ற வேறொரு மின்கிதாரை எடுத்திருக்கிறார். சுரம் 'டங்' என்று தொடங்காமல் எங்கிருந்தோ மெல்ல ஊறி வரும். அவ்வளவு மெதுவான பாட்டில் இவ்வளவு கொஞ்சமாக வாசிக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

பிறகு புகழ் பெரிதாகிக்கொண்டே போனது. 1985 ஜூலை 13ல் வெம்ப்லி மைதானத்தில், பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டிய லைவ் எய்ட் நிகழ்ச்சியில் வாசித்துவிட்டு, பக்கத்திலேயே இருந்த வெம்ப்லி அரங்குக்குப் போய் அன்றிரவே தங்கள் சொந்தக் கச்சேரியையும் நடத்தினார்கள். 1991ல் 'ஆன் எவ்ரி ஸ்ட்ரீட்' வந்தது. நல்ல பாட்டுகள் உண்டு, ஆனால் குழு களைத்துவிட்டது தெரிகிறது. 1992 அக்டோபரில் ஸ்பெயினின் சரகோசாவில் கடைசிக் கச்சேரி. 1995ல் குழு முடிந்தது. தொடக்கம் முதல் கடைசிவரை கூடவே இருந்தவர்கள் நாஃப்ளரும் இல்ஸ்லியும் மட்டும்தான்.

'மறுபடி சேர மாட்டார்களா' என்று கேட்காத ரசிகர் இல்லை. 2018ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோதுகூட நாஃப்ளர் போகவில்லை. இல்ஸ்லியே மேடையேறித் தன் குழுவை அறிமுகப்படுத்திக்கொண்டார். பலருக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. பழைய பாட்டை வைத்து மைதானம் மைதானமாகச் சம்பாதித்திருக்கலாம், அதை விட்டுவிட்டுத் தனியாக, சின்னதாக, தனக்குப் பிடித்த நாட்டுப்புற இசைப் பக்கம் போனார். 2024 ஜனவரியில் 120க்கும் மேற்பட்ட தன் கிதார்களை ஏலத்தில் விட்டு, வந்ததில் கால் பங்கை அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தார். லைவ் எய்டில் வாசித்த லெஸ் பால் மட்டுமே கிட்டத்தட்ட 6 லட்சம் பவுண்டுக்குப் போனது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு: நேராக 'ஆல்கெமி'க்குப் போய்விடாதீர்கள். 1983 ஜூலையில் லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியனில் பதிவான அந்த நேரடிக் கச்சேரி ஆல்பம் அற்புதம்தான், அதில் 'சுல்தான்ஸ்' 10 நிமிடத்துக்கு மேல் போகிறது, விதர்ஸுக்குப் பிறகு வந்த டெர்ரி வில்லியம்ஸின் டிரம்ஸ் இடி மாதிரி விழுகிறது. ஆனால் முதல் ஆல்பத்தில் பிக் விதர்ஸ் எவ்வளவு இலேசாக வாசித்தார் என்பது தெரிந்த பிறகு இதைக் கேட்டால்தான் அந்த மாற்றத்தின் ருசி தெரியும். அதனால் முதல் ஆல்பம், அப்புறம் 'மேக்கிங் மூவீஸ்', அப்புறம் 'ஆல்கெமி'. 'லவ் ஓவர் கோல்ட்' ஆல்பத்தில் மொத்தமே ஐந்து பாட்டுகள்தான், நாற்பது நிமிடம் சொச்சம். அதற்கென்று ஒரு இரவை ஒதுக்கிவிடுங்கள். போனை அணைத்து வைத்துவிட்டு 'டெலிகிராஃப் ரோடு' போடுங்கள், பாடல் வரிகள் முடிந்ததும் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்ததற்குத் தாவிவிடாதீர்கள்.