ஹார்ட் டிஸ்க் சூட்டைப் பார்க்க 2,400 ரூபாயா?

கேள்வி: மன்னார்குடியில் இருக்கிறோம். வீட்டு கம்ப்யூட்டருக்கு ஆறு வயசாகிறது. பெண்ணோட கல்யாண வீடியோ, நிலப் பத்திர ஸ்கேன் எல்லாம் அதில்தான். அக்னி நட்சத்திரத்தில் மதியம் சிபியு மேல் கை வைத்தால் சுடுகிறது. ஹார்ட் டிஸ்க் சூட்டை முன்பக்கம் காட்டுகிற பேனலும் ஃபேனும் சேர்த்து 2,400 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: பேனல் வேண்டாம். அதோட ஒயர் நுனியை டிஸ்க் மேல் டேப் போட்டு ஒட்டுவார்கள், ஒட்டின இடத்துச் சூடுதான் தெரியும், டேப் கழன்றால் அதுவும் போச்சு. உங்க டிஸ்க்குக்குள்ளேயே ஒரு வெப்பமானி இருக்கிறது, அதைப் படிக்கக் காசு வேண்டாம். விண்டோஸ் என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், உபுண்டு என்றால் டிஸ்க்ஸ் என்பது பெரும்பாலும் கூடவே வந்திருக்கும்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்ததும் மேலே பெரிய எழுத்தில் டிகிரி தெரியும், அதை மட்டும் பாருங்கள். கீழே பட்டியலில் சி2 என்ற வரியில், 'கரன்ட்' கட்டத்தில் 108 என்று ஏதாவது இருந்தால் பதற வேண்டாம், அது டிகிரி இல்லை, கம்பெனிக்காரன் போடுகிற மார்க். நானே முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு அவசரமாக பிளக்கைப் பிடுங்கியிருக்கிறேன்.

எவ்வளவு இருக்கலாம்? வீட்டு டிஸ்க்குகளுக்கு 60 டிகிரி வரை தாங்கும் என்றுதான் கம்பெனிகள் பெரும்பாலும் போடுகிறார்கள். நம்ம ஊர் மே மாதத்தில் 40, 45 என்பது சாதாரணம். 50-ஐத் தாண்டி மணிக்கணக்காக நின்றால் ஏதாவது செய்யணும். காலையில் ஆன் செய்ததும் பார்க்காதீர்கள், மதியம் ரெண்டு மணிக்கு, ஒரு பெரிய வீடியோவை காப்பி போட்டுவிட்டு அரை மணி கழித்துப் பாருங்கள்.

எங்க வீட்டில் 53 காட்டியது. சிபியு இருந்தது கதவு போட்ட மேஜைப் பெட்டிக்குள், பின்பக்கம் சுவர். வெளியே எடுத்து மூடியைக் கழற்றினால், தை மாசம் அறுவடையில் தெருவெல்லாம் பறந்த வைக்கோல் தூசி முன்பக்கச் சல்லடையில் கம்பளி மாதிரி படிந்திருக்கிறது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதி, சிபியுவைத் தரையிலிருந்து ஒரு பலகை உயரத்தில் வைத்தேன், 44-க்கு வந்துவிட்டது. செலவு ஒண்ணும் இல்லை. அப்படியும் இறங்காவிட்டால் முன்பக்கம் டிஸ்க் மேல் காற்று படுகிற மாதிரி ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் போதும், சில நூறு ரூபாய்தான்.

ஆனால் நான் உங்க இடத்தில் இருந்தால் சூட்டைவிட மூன்று வரிகளைத்தான் பார்ப்பேன்: 05, சி5, சி6. டிஸ்க்கில் கெட்டுப்போன, கெட்டுக்கொண்டிருக்கிற இடங்களின் கணக்கு அது. அந்த வரிகளின் கடைசிக் கட்டத்தில் எல்லாம் சைபராக இருந்தால் நல்லது. வரி முன்னால் இருக்கிற நீலப் பொட்டு மஞ்சளாக மாறினால் அன்றைக்கே காப்பி எடுங்கள், ஃபேன் வாங்கக் கிளம்பாதீர்கள். 2007-ல் கூகுள் ஆட்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்துப் பார்த்ததில், சூட்டுக்கும் டிஸ்க் போவதற்கும் நாம் நினைக்கிற அளவுக்கு நேர்த் தொடர்பு இல்லை, வயசான டிஸ்க் ரொம்பச் சூடாக ஓடினால்தான் வித்தியாசம் தெரிந்தது. இன்னொன்றும் சொன்னார்கள்: செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நாலு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின. மீட்டர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதுக்கு என்ன செய்யும்?

உங்க டிஸ்க்குக்கும் ஆறு வயசு. அதனால் அந்த 2,400 ரூபாயை வெளியில் மாட்டுகிற ஒரு டிஸ்க்குக்கு வையுங்கள், மேலே கூடப் போட வேண்டிவந்தாலும் பரவாயில்லை. வாங்கும்போது பில், வாரன்டி சீட்டு கேட்டு வாங்குங்கள், சீல் உடைந்த பெட்டியைத் தொடாதீர்கள். காப்பி முடிந்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடணும், மாட்டியே வைத்திருந்தால் கரன்ட் ஏறி இறங்கும்போது ரெண்டும் சேர்ந்தே போகலாம். முதலில் பத்திர ஸ்கேனைப் போடுங்கள், சின்ன ஃபைல், ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். கல்யாண வீடியோவை ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஓடவிடுங்கள், அப்போது கொஞ்சம் சூடும் குறைந்திருக்கும்.